காலிக் கோட்டையில் தலைமுழுகிய மத்தியானம்

பக்கத்து வீட்டு மரகதம் போன வாரம் காலிக்குப் போய்விட்டு வந்தாள். வந்த கையோடு, நான் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, வாங்கி வந்த படத் தபாலட்டைகளை ஒவ்வொன்றாகப் பரப்பினாள். வெளிச்சவீடு, மணிக்கூட்டுக் கோபுரம், கோட்டை வாசல் என்று போய், கடைசியாக ஒரு வெள்ளைக்காரர் கோயிலின் உள்பக்கம் வந்தது. தரை முழுக்கக் கல் பாவியது.

"இதுக்குள்ள என்னா குளுமை தெரியுமாக்கா? நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாள்.

பார்த்திருக்கிறேனாவா! அதற்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டே இருக்கிறேன் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். மரகதத்திடம் ஒன்றைச் சொன்னால் விளக்கு வைப்பதற்குள் பதுளைக் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிடும். நீங்கள் அப்படி இல்லை. உங்களிடம் சொல்லலாம்.

இப்போது பதுளையிலேயே ரயில் ஏறிவிடலாம். மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தால் கொழும்பு தானாக வருகிறது. நான் குமரியாக இருந்த காலத்தில் பண்டாரவளை வரைக்கும்தான் ரயில். அதுவரை மாட்டு வண்டி. ஹாலிஎல தாண்டி மேட்டில் ஏறும்போது வண்டிக்காரர் எல்லாரையும் இறங்கி நடக்கச் சொல்வார். பாதித் தூரம் நடந்ததற்கு எதற்கு முழுக் கூலி என்று அப்பா ஒவ்வொரு தடவையும் சண்டை பிடிப்பார். ஒவ்வொரு தடவையும் கொடுத்தும் விடுவார்.

அப்பாவுக்குப் பதுளையில் பலசரக்குக் கடை. அரிசி, மிளகாய், கருவாடு எல்லாம் இருக்கும். கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் அறைவது மாசிக் கருவாட்டு வாசம்தான். கட்டை மாதிரிக் கிடக்கும்; இடித்துச் சம்பலில் போட்டால் இன்னும் ஒரு பிடி சோறு இறங்கும். அந்த மாசி காலியிலிருந்து ஒரு வியாபாரி வீட்டு மூலம் வந்தது. மாலைதீவுக்காரர்கள் தோணியில் கொண்டுவந்து இறக்க, அவர்கள் வாங்கி மலைநாட்டுக்கு அனுப்புவார்கள். நம்மைப் போலவே இந்தியாவில் ஊர்ப்பக்கமிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டில் ஒரு மகன் இருக்கிறான், கல்யாணம் ஆகவில்லை என்ற செய்தியும் ஒரு நாள் மாசி மூட்டையோடு மூட்டையாக வந்து சேர்ந்தது.

இங்கே என் நிலைமையை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. ராசியில்லாதவள். முதலில் வந்த இடம் கண்டி. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு போன அன்றைக்கே மாப்பிள்ளையின் சித்தப்பா போய்விட்டார். மனிதர் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தவர். அதை யார் பேசினார்கள்? அடுத்த இடம் ஹல்துமுல்லை. பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் வண்டி மாடு வளைவில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டது. மாட்டுக்கும் எனக்கும் என்ன கொடுக்கல் வாங்கல், சொல்லுங்கள்! ஆனால் அந்த மாட்டின் காலோடு என் கல்யாணமும் ஒடிந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், ஆரத்தித் தட்டை என் கையில் கொடுக்காமல் எனக்கு அடுத்து நிற்கிறவளிடம் கொடுப்பார்கள். சிரித்துக்கொண்டேதான் கொடுப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா என்னைவிட ஒடிந்துபோனாள். காலி இடமும் தட்டிப்போனால் நான் காலமெல்லாம் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் பேசிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல். காலி மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்காலில் வாதம். மலை ஏறி வர முடியாது. அதற்காகப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினால் நம் மானம் கப்பலேறிவிடும். ஆகவே இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தரகர் மூலம் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நாங்கள் காலிக் கோட்டையைப் பார்க்கப் போவோம். அவர்கள் கோட்டை மதில் மேல் காற்று வாங்க வருவார்கள். வெளிச்சவீட்டுப் பக்கம் ஒருவரை ஒருவர் தற்செயலாகப் பார்த்துக்கொள்வோம். பிடித்திருந்தால் மேலே பேச்சு; பிடிக்காவிட்டால் நாங்கள் கோட்டை பார்க்கப் போனவர்கள், அவர்கள் காற்று வாங்க வந்தவர்கள். இப்படியெல்லாம் செய்தால்தான் அந்தக் காலத்தில் கௌரவம் நிற்கும்.

கடையை ஒரு நாள் பூட்டினாலே காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிடும் அப்பா, கோட்டை பார்க்கப் போகிறார் என்றதும் கடைவீதி அசந்துபோனது. அரிசி மூட்டை எடுக்க மடுல்சீமையிலிருந்து வந்த கங்காணி ஒருவர் தலையைச் சொறிந்தார்.

"கோட்டையில அப்படி என்னாங்க மொதலாளி இருக்கு?"

"கல்லுதான்" என்றார் அப்பா.

"கல்லு நம்ம தோட்டத்துலயே கெடக்குதுங்களே!"

அப்பாவால் பொய் சொல்ல முடியாது. சொன்னால் காது சிவந்துவிடும். அதனால் அவர் ஒரு முடிவு எடுத்தார். திரும்பி வந்ததும் ஊரில் எல்லாரும் அதைப் பார்த்தீர்களா, இதைப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். ஆகையால் காலியில் பார்க்க வேண்டியது எதுவோ அத்தனையையும் நிஜமாகவே பார்த்துவிட வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்ததைவிடக் கோட்டையைப் பற்றி அதிகம் விசாரித்தார் என்றால் நம்புவீர்களா?

அம்மா புளிச்சோறு கிளறினாள். வழிப்பயணத்துக்குக் கெடாமலிருக்க நல்லெண்ணெயை ஊற்றோ ஊற்றென்று ஊற்றி, வாழையிலையை வாட்டிப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டினாள். கொழும்பில் அப்பாவுக்குத் தெரிந்தவர் கடையில் ஒரு ராத்திரி தங்கி, விடிந்ததும் காலி ரயிலில் ஏறினோம்.

கடலை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் வந்து வந்து போகிறது! ரயிலை நனைத்துவிடுமோ என்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மாவோ அந்தப் பக்கமே திரும்பவில்லை. கல்யாணமான புதிதில் ஊரிலிருந்து கப்பலில் வந்தவள், வழியெல்லாம் வாந்தி. "அதையே பாக்காதடி, கொடலைப் பெரட்டும்" என்று சேலைத் தலைப்பால் என் கண்ணை மூடப் பார்த்தாள். நான் விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

காலியில் இறங்கியதும் அப்பா ஒரு வழியாகக் களத்தில் குதித்தார். முதலில் பழைய கோட்டை வாசல். சுவரின் தடிப்பைப் பார்த்து, இதற்குள் நம் கடையை வைத்து மூடிவிடலாம் என்றார். உள்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால், வாசலுக்கு மேலே கல்லில் ஏதோ செதுக்கியிருந்தது. இரண்டு பக்கமும் சிங்கம். உச்சியில் ஒரு சேவல்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். நடுத்தெருவில் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார்.

"ஏய், பாருங்க ரெண்டு பேரும்! சேவல்! கதிர்காமத்தான் இங்கயும் வந்து நிக்கிறான்!"

கோட்டையைக் கட்டிய ஒல்லாந்துக்காரன் செதுக்கிய சேவல் அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது யாருக்குத் தெரியும்? அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். பின்னால் வந்த வண்டிக்காரன் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, எங்களைச் சுற்றிக்கொண்டு போனான். அம்மாவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவைப் பார்த்தேன்.

பிறகு மணிக்கூட்டுக் கோபுரம், மதில் மேல் நடை, கொடிமரப் பாறை. மதில் மேல் புல்லில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. துறைமுகத்தைப் பார்த்து அப்பா ஏமாந்துபோனார். பெயர் பெற்ற துறைமுகம் என்று கேள்விப்பட்டு வந்தால் ஒன்றிரண்டு கப்பல்தான் நின்றது. பெரிய கப்பலெல்லாம் இப்போது கொழும்புக்குப் போய்விடுகிறது என்று அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார். "அப்ப இதைப் பாத்ததாச் சொல்லிக்கலாமா வேணாமா?" என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வெயில் ஏறியது. வெயில் என்றால் நம் ஊர் வெயில் இல்லை ஐயா. மார்கழிப் பனியில் கம்பளியோடு தூங்கும் பதுளைக்காரிக்கு அது வெயிலே இல்லை, நெருப்பு. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வர இன்னும் நேரம் இருந்தது. அப்போதுதான் அந்தப் பெரிய கோயில் கண்ணில் பட்டது. வெள்ளை வெளேரென்று நின்றது. கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

"வெள்ளைக்காரன் கோயிலாச்சே" என்று அம்மா தயங்கினாள்.

"எந்தச் சாமியா இருந்தா என்னா? கோயில்ல ஒக்காந்து கட்டுச்சோறு சாப்புடறது நமக்குப் புதுசா?" என்றார் அப்பா.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. யாத்திரை போனால் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பதுதானே நம் வழக்கம். செருப்பை வெளியே விட்டு, விசுப்பலகைகளுக்குப் பின்னால் வெறுந்தரையாக இருந்த மூலையில் உட்கார்ந்தோம். கல்லின் குளிர்ச்சி உடம்பில் ஏறியதும் உயிர் திரும்பி வந்தது. புளிச்சோறும் அன்றைக்கு அப்படியொரு ருசி. சாப்பிட்டு முடித்து இலையை மடித்தேன். இலைக்கு அடியில் தரைக்கல்லிலிருந்து ஒரு மண்டையோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்குக் கீழே இரண்டு எலும்பு, குறுக்கும் நெடுக்குமாக.

நான் கத்திய கத்தலில் சாவிக்கொத்தோடு ஒரு ஆள் ஓடி வந்தார். கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர், சிங்களத்தவர். எச்சில் இலையைப் பார்த்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா கடையில் பேசிப் பழகிய சிங்களத்தில் அவரிடம் ஏதோ கேட்டார். அவர் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் வெளிறியது.

"என்னாங்க சொல்றான்?" என்றாள் அம்மா.

"இந்தக் கல்லு அத்தனையும் கல்லறையாம். ஒவ்வொண்ணும் ஒரு ஆளுதாம்."

நமக்குத் தெருவில் ஒரு சாவு விழுந்தாலே கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். எடுத்துக்கொண்டு போன பிறகுதான் பூசை. கோயிலுக்கு உள்ளேயே, சாமி முன்னாலேயே செத்தவர்களை வைத்திருப்பார்கள் என்று நாங்கள் கனவிலாவது நினைத்திருப்போமா?

"ஐயோ முருகா! நல்ல காரியத்துக்கு வந்துட்டுப் பொணத்து மேல எலையைப் போட்டுச் சாப்புட்டோமே!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தீட்டு என்றால் முழுக வேண்டும். கோட்டைக்குள் எங்கே முழுகுவது? பக்கத்துத் தெரு சோனகர் தெரு, முஸ்லிம்கள் குடியிருக்கிற இடம். வாசலில் நின்ற ஒரு அம்மாவிடம் எங்கள் அம்மா தண்ணீர் கேட்டாள். எங்கள் மூன்று முகத்தையும் பார்த்த அந்த அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து, "கெணறு அந்தா இருக்கு, வாளியும் இருக்கு. குளிங்க தாயே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் புண்ணியவதியின் பெயரைக்கூட அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை.

குளித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் முன் கட்ட வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டாயிற்று. தலைமயிரை என்ன செய்வது? தண்ணீர் சொட்டுகிறது, பின்ன முடியவில்லை. உச்சி வெயிலில் ஒரு குமரி தலைமுழுகிவிட்டு ஈரக் கூந்தலோடு வந்தால் அதற்கு என்ன அர்த்தமென்று எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும். சாவுத் தீட்டு, இல்லையென்றால் மாதத் தீட்டு. என்னோடு போனால் சரி. அம்மா தலையும் ஈரம், அப்பாவின் குடுமியும் ஈரம்.

"கேட்டா அலை அடிச்சிருச்சுன்னு சொல்லுவோம். யாரும் வாயைத் தொறக்கப்படாது" என்று அம்மா உத்தரவு போட்டாள். அப்பாவின் காது அப்போதே சிவந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, கையில் தடி, கண் மட்டும் ஊசி. மகன் வெளிச்சவீட்டை அன்றைக்குத்தான் கட்டி முடித்த மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடடே, பதுளைக்காரங்களா? எங்க இந்தப் பக்கம்?" என்று ஒன்றும் தெரியாதது போல அந்த அம்மா ஆரம்பித்தார்.

"கோட்டை பாக்க வந்தோமுங்க" என்றார் அப்பா.

"பாருங்க, பாருங்க." ஊசிக் கண் என் தலையில் வந்து நின்றது. பிறகு அம்மா தலைக்குப் போனது. பிறகு குடுமிக்கு. "என்னா, குடும்பத்தோட தலைமுழுகி இருக்கீங்க?"

"அலைங்க... அலை அடிச்சிருச்சுங்க."

அந்த அம்மா மதில் ஓரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். கடல் எங்கோ பாதாளத்தில் பாறையை நக்கிக்கொண்டு கிடந்தது. "இம்புட்டு ஒசரத்துக்கா?" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பயமில்லை, அலுப்பு. இந்த இடம் பொய்யில் முடிந்துபோனால், நாளைக்கு அந்த வீட்டில் ஒரு கோழி செத்தாலும் நான்தானே பொறுப்பு? எத்தனை காலம் அதைச் சுமப்பது?

"அலை இல்லீங்க" என்றேன். "அந்தக் கோயிலுக்குள்ள கல்லறை மேல ஒக்காந்து சோறு சாப்புட்டுட்டோம். தெரியாமத்தான். அதான் முழுகிட்டு வர்றோம். எனக்கு ராசியில்லேன்னு ரெண்டு எடத்துல ஏற்கனவே சொல்லிட்டாங்க. வேணாம்னா இப்பவே வேணாம்னு சொல்லிருங்க. கட்டிக்கிட்டு வந்தப்பறம் யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா எம்மேல சொல்லாதீங்க."

அப்பா வானத்தைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். மகன் முதல் தடவையாக வெளிச்சவீட்டை விட்டு என்னைப் பார்த்தார்.

அந்த அம்மா தடியை ஊன்றி, மெள்ள, மதில் மேலேயே உட்கார்ந்தார்.

"கல்லறைதானே? எங்க வீட்டுக் கொல்லையில துணி தொவைக்கிற கல்லு என்னான்னு நெனைக்கிறே? அது ஒரு ஒல்லாந்துக்காரியோட கல்லறைக் கல்லு. வீடு வாங்குறப்பவே கெடந்துச்சு. வந்த நாள்லேருந்து அதுல அடிச்சுத் தொவைச்ச வேட்டியைத்தான் இவனும் கட்டியிருக்கான், இவங்கப்பாவும் கட்டியிருக்காரு. ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம்தான் இருக்காங்க. இந்த ஊர்ல கல்லறைக்குப் பயந்தா காலை எங்க வைக்கிறது?" என்றவர், அப்பா பக்கம் திரும்பினார். "சோறு மிச்சமிருக்கா?"

அம்மா அத்தனையையும் அங்கேயே எறிந்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள். ஆனால் அப்பாவுக்கு அரிசியை எறிய மனம் வருமா? ஒரு பொட்டலத்தைத் துண்டில் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். இப்போது திருடனைப் போல எடுத்து நீட்டினார். அந்த அம்மா அதைப் பிரித்து, எங்கள் முன்னாலேயே, ஊர் பார்க்க ஒரு பிடி வாயில் போட்டார்.

"புளி நல்லாருக்கு. உப்புதான் ஒரு கல்லு தூக்கல்."

"எனக்குக் கொஞ்சம்மா" என்று மகன் கை நீட்டினார். அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

அம்மா அங்கேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தலை காய்ந்திருந்தது. கடல் காற்றில் மயிர் பறந்து வாயில் விழுந்தது. ஒதுக்கி ஒதுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்படி லேசாக அதற்கு முன்னால் நான் இருந்ததில்லை.

கல்யாணம் முடிந்து காலிக்குப் போனதும் முதல் வேலையாகக் கொல்லைக்குத்தான் போனேன். கல் இருந்தது. வழவழவென்று, வெறும் கல். "எழுத்தைக் காணோமே அத்தை?" என்றேன். "மேல இருந்தா துணி கிழியாதா? கவுத்துப் போட்டிருக்கு. எழுத்தெல்லாம் அடியில இருக்கு" என்றார் மாமியார். சரிதானே என்று நானும் அதில் துவைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு வருடம் என் வீட்டுக்காரர் விஷக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி, இந்தப் பெண்ணைப் பற்றிப் பதுளையில் ஏதோ சொன்னார்களே என்று இழுத்தாள். மாமியார் அவளைக் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லைக் காட்டினார். "இதுல தொவைச்சதைக் கட்டியே பொழைச்சவங்க நாங்க. இவளாலயா எங்களுக்கு வந்துடப் போகுது?" காய்ச்சல் இறங்கியது. அந்தப் பேச்சு அந்த வீட்டுப் படி மறுபடி ஏறவில்லை.

பிறகு மாலைதீவுத் தோணிகளும் கொழும்புப் பக்கம் திரும்பின. மாசி வியாபாரம் படுத்தது. மாமனார் போனார்; சில வருடங்களில் மாமியாரும் போனார். அப்பாவின் கடையைப் பார்க்க ஆள் இல்லாததால் வீட்டை விற்றுவிட்டுப் பதுளைக்கே வருவதென்று முடிவாயிற்று. சாமானெல்லாம் கட்டியான பிறகு, அந்தக் கல்லை விட்டுப் போக எனக்கு மனமில்லை. கல்லைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறாய், பதுளையில் கல்லா இல்லை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். ஒரு தடவை எழுத்தையாவது பார்த்துவிடுகிறேன் என்றேன். மூட்டை தூக்க வந்தவர்கள் கடப்பாரை போட்டு நெம்பிப் புரட்டினார்கள்.

அடியில் மண்ணும் நாலைந்து மண்புழுவும் இருந்தன. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கையால் தடவினேன். ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை. எந்த மலையிலோ உடைத்துக் கொண்டுவந்த சாதாரணக் கருங்கல்.

கிழவி! வெயிலில், மதில் மேல், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து, கண்ணைக்கூட இமைக்காமல் அங்கேயே கட்டி எடுத்த கதை அது. செத்துப்போகிற வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

கேட்க மாமியார் இல்லை. நான் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

"என்னா, எழுத்து இருக்கா?" என்று உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"இருக்குங்க" என்றேன். "கவுத்துப் போடச் சொல்லுங்க."